இன்டர்செக்‌ஷனல் பெண்ணியம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டையில் சில பெண்கள் கூடிப் பேசுவோம். கல்லூரி மாணவிகள், வீட்டு வேலை செய்பவர்கள், ஐ.டி.யில் இருப்பவர்கள், இரண்டு திருநங்கைகள், எப்போதாவது யாராவது ஒருத்தியின் அண்ணனோ கணவரோ. கணக்கு எழுதுகிற வேலை என்பதால் எதையும் நோட்டில் குறித்து வைப்பது எனக்குப் பழக்கம். நோட்டைப் புரட்டினால் வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். சில கோபமாக வந்தவை. அவற்றையும் தணித்து எழுதவில்லை.

"பெண்ணியம் தெரியும். அதென்னக்கா இன்டர்செக்‌ஷனல்? ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கே?"

பெண் என்பது, சாதி, இனம் என்று ஒருத்தி மேல் ஒன்றாக விழுகிற பாகுபாடுகளைச் சேர்த்தே பார்ப்பதுதான் இது. ஒரு வழக்கிலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1964-க்கு முன்னால் அந்தக் கம்பெனி கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. எழுபதுகளில் வியாபாரம் படுத்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்கள் யார்? இவர்கள்தான்.

1976-இல் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போனது. கம்பெனியில் பெண்கள் இருக்கிறார்களே, ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை. இன்னொரு பக்கம், இனப் பாகுபாட்டை வேண்டுமானால் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றது கோர்ட். அங்கே இருந்த பெண்கள் ஆபீஸில் உட்கார்ந்த வெள்ளையர்கள். தொழிற்சாலையில் இருந்த கறுப்பினத்தவர்கள் ஆண்கள். இரண்டு பட்டியலிலும் இந்த ஐவரின் கஷ்டம் அடங்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்று கேட்டதற்கு, அப்படி ஒரு தனி வகையைச் சட்டம் உருவாக்கவில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இந்த வழக்கை எடுத்து எழுதியபோதுதான் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற சொல் வந்தது. இரண்டு தெருக்கள் சந்திக்கிற இடத்தில் நிற்பவள் மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி வரும் என்பது அவர் சொன்ன உவமை. கத்திப்பாரா மேம்பாலத்துக்குக் கீழே தெருவைக் கடக்க நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"தமிழ்ல என்ன சொல்றது?"

குறுக்குவெட்டுப் பெண்ணியம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சர்வேயர் வரைபடம் மாதிரி இருக்கிறது. ஊடும் பாவும் என்று நெசவில் சொல்வோமே, அது இன்னும் பொருந்தும்: புடவையாக நெய்த பிறகு சாதி நூல் எது, பெண் என்கிற நூல் எது என்று தனித்தனியாக உருவ முடியாது. எந்தப் பெயரில் அழைத்தாலும் எனக்குச் சம்மதம்.

"அமெரிக்கச் சரக்கை இங்க எதுக்கு இறக்குமதி பண்றீங்க? நம்ம கலாச்சாரத்துக்கு இது ஒத்துவருமா?"

சொல் அங்கிருந்து வந்தது, சரிதான். விஷயம் இங்கேயே இருந்தது. 1916-இல், 25 வயது அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். சாதி நிலைப்பதே சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வதால்தான், அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தைத் திருமணம் எல்லாம் என்பது அவர் வாதம். பெண்ணைக் கட்டிப்போடாமல் சாதியைக் காப்பாற்ற முடியாது என்கிறார். கிரென்ஷாவுக்கு 73 வருடம் முன்னால்!

நம் ஊர்க் கதையையும் பாருங்கள். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதி ஒழிப்புக்கும் பெண்ணுக்குச் சொத்துரிமைக்கும் ஒரே மேடையில் தீர்மானம் போட்டார்கள். 1938-இல் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் கிடைத்தது. அந்தக் காலத்துப் பெண் தலைவர்களை எண்ணினால் தலித் தலைவர் மீனாம்பாள் சிவராஜ் வருவார், தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்து அந்த முறையையே எதிர்த்த மூவலூர் ராமாமிர்தம் வருவார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947-இல் வந்தது. ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்த பெண்ணுக்கு மட்டும் இருந்த அநியாயம் அது. 'பொதுவாகப் பெண்கள்' என்று பேசிக்கொண்டிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஒரு இடைச்செருகல். 1929 தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 60 வருடம் ஆனது. 1989-இல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. என் பெரியம்மா அந்த வரியில்தான் மாட்டினார். "கல்யாணம் பண்ணிக் குடுத்த அவசரத்தைப் பாரு" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொண்ணுன்னா பொண்ணுதானே? எல்லாருக்கும் ஒரே கஷ்டம்தானே மேடம்?"

தி.நகர் ரங்கநாதன் தெரு துணிக்கடைகளுக்குப் போங்கள். புடவை வாங்குகிறவளும் பெண், எடுத்துப் போடுகிறவளும் பெண். வாங்குகிறவளுக்கு ஸ்டூல் வரும். எடுத்துப் போடுகிறவள் காலையிலிருந்து இரவு வரை நிற்பாள். வேலை நேரத்தில் உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். 'உட்காரும் உரிமை' என்பது ஏ.சி. அறையில் கூடிய எந்தப் பெண்கள் கூட்டத்துக்கும் தோன்றியிருக்காது. எங்களுக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று கொஞ்சம் கனமானது. ஆபீஸில் பாலியல் தொல்லை என்றால் இன்று புகார்க் குழு இருக்கிறதே, அதற்கு வேர் ராஜஸ்தானின் பன்வாரி தேவி. குயவர் சாதி, கிராமத்துப் பெண், அரசுத் திட்டத்தில் ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டாக வன்கொடுமை செய்தார்கள். 1995-இல் கீழ்க்கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்கிற ரீதியில் காரணம் சொன்ன தீர்ப்பு அது. அவர் வழக்கை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதால் 1997-இல் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன, 2013-இல் சட்டம் வந்தது. ஓ.எம்.ஆர். ஐ.டி. சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கிற நாமெல்லாம் அந்தச் சட்டத்தின் நிழலில் இருக்கிறோம். வயலில் வேலை செய்த பெண்ணின் வழக்கால் வந்த நிழல்.

"சென்னையில இப்ப யாரும்மா சாதி பாக்குறாங்க?"

வாடகைக்கு வீடு தேடியிருக்கிறீர்களா? 'வெஜிடேரியன் மட்டும்' போர்டு பார்த்ததில்லையா? வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குத் தனி டம்ளர் இல்லாத பத்து வீட்டை உங்கள் தெருவில் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

2025 ஆகஸ்டில் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகைக்கு வெளியே தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுத்ததற்கு எதிர்ப்பு. உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தலித் பெண்கள். கடைசி நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. இதைத் தொழிலாளர் பிரச்சினை என்று ஒரு பத்திரிகை போட்டது, தலித் பிரச்சினை என்று இன்னொன்று. பெண்கள் பிரச்சினை என்று எங்கள் கூட்டத்தில்கூட முதலில் யாரும் சொல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் சொன்னேனே, அதே கதைதான்.

"நான் மேல்சாதிப் பொண்ணுதான். அப்போ என் கஷ்டமெல்லாம் கஷ்டமே இல்லையா?"

கஷ்டம்தான். மாமியார் வீட்டில் அடி வாங்கினால் வலி சாதி பார்த்து வராது. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்பார்களா, நிற்க வைத்துத் திட்டி அனுப்புவார்களா என்பதில் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தையும் பேசுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

"ஃப்ரீ பஸ் விட்டாச்சு, மாசம் ஆயிரம் ரூபா வருது. இன்னும் என்னதான் வேணும்?"

இரண்டையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்த பிறகு, "அத்தை வீட்டுக்குப் போக அவர்கிட்ட காசு கேக்க வேணாம்" என்று சொன்னவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. அடுத்த மாதமே திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நீட்டித்தார்கள். நல்ல உதாரணம் என்றே இதைச் சொல்வேன்.

ஆனால் பஸ் இலவசமாக இருப்பது வேறு, வருவது வேறு. ராத்திரி ஒன்பதரைக்குக் கடை மூடி வருகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் பிங்க் பஸ் இருக்கிறதா? சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் படி ஏற வழி உண்டா? திட்டத்தைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை, அடுத்த பஸ் எது என்று கேட்கிறோம்.

"பெண்கள் பிரச்சினை பேசுற இடத்துல ஓரினச் சேர்க்கை, திருநங்கை எல்லாம் எதுக்கு இழுக்கறீங்க?"

மேலே அம்பேத்கர் சொன்னதை ஒரு அடி நீட்டிப் பாருங்கள். பெண் யாரைக் கட்ட வேண்டும் என்பதைக் குடும்பமும் சாதியும் முடிவு செய்கின்றன. அதே குடும்பம்தான் பெண்ணை விரும்பும் பெண்ணையும் பூட்டி வைக்கிறது, மாப்பிள்ளை பார்க்கிறது. வேறு சாதிப் பையனைக் காதலித்தவளுக்கும் இவளுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி.

2018 செப்டம்பர் 6 அன்று, ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைச் சுப்ரீம் கோர்ட் திருத்திப் படித்தது, வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றமில்லை என்று ஆனது. ஜெயில் பயம் போனது, வீட்டுப் பயம் போகவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவைப் படிக்கச் சொல்வேன். தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானே உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதினார். 'மாற்றுகிறேன்' என்று நடத்தும் வைத்தியத்துக்குத் தடை போட்டார். இவர்களையும் திருநரையும் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் 2022-இல் அரசிதழில் வந்ததும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான். தெரியாது என்று சொல்லிவிட்டுத் தெரிந்துகொள்ள முயன்ற நீதிபதியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"திருநங்கைகளுக்குத்தான் இடஒதுக்கீடு குடுத்தாச்சே? அப்புறம் என்ன போராட்டம்?"

இது கொஞ்சம் சிக்கலான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள். தமிழ்நாடு 2008-இல் திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது, இந்தியாவிலேயே முதலில். 2014-இல் சுப்ரீம் கோர்ட், திருநர் உரிமை பற்றிய நால்சா தீர்ப்பில், சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களாக நடத்தி ஒதுக்கீடு தரச் சொன்னது. இங்கே அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் (எம்.பி.சி.) பட்டியலில் சேர்த்தார்கள்.

இப்போது ஒரு தலித் திருநங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். திருநர் என்ற அடையாளத்தில் போனால் எம்.பி.சி. வரிசையில் நிற்க வேண்டும், எஸ்.சி. உரிமை கைவிட்டுப் போகும். எஸ்.சி. வரிசையில் நின்றால் திருநர் என்பதற்கான சலுகை எதுவும் இல்லை. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு வா என்கிறது அந்த ஏற்பாடு. ஊடையும் பாவையும் உருவச் சொல்கிற வேலை. அதனால்தான் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்கிறார்கள்: எஸ்.சி.க்குள் திருநருக்கு ஒரு பங்கு, பி.சி.க்குள் ஒரு பங்கு என்று எல்லா வரிசையிலும் குறுக்காக. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது.

"வெயிலும் மழையும் எல்லாருக்கும் பொது. காலநிலைக்கும் பெண்ணியத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?"

2019 ஜூன் ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நான்கு ஏரியும் வற்றின. ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருந்தவர்கள் யார்? லாரி காலையில் வந்தால் வேலைக்குப் போக முடியாது. இரண்டு நாள் போகாவிட்டால் அந்த வீட்டில் வேறு ஆள் வந்துவிடும். மழை பெய்யாதது இயற்கை. குடம் பெண் தலையில் ஏறியது இயற்கையா?

வெயிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் தெரு பெருக்குகிற அக்காவிடம், தண்ணீர் நிறைய குடியுங்கள் என்று சொன்னேன். சிரித்தார். "குடிச்சா எங்கம்மா போறது?" சுத்தமான பொதுக் கழிப்பறை பக்கத்தில் இல்லாததால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள். மாதவிடாய் நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெப்ப அலைக்கு எச்சரிக்கை வாசகம் எழுதுகிறவர்கள் இந்தப் பதிலை ஒரு தடவை கேட்க வேண்டும்.

எண்ணூருக்கும் வாருங்கள். கொசஸ்தலையாற்று முகத்துவாரம், ஒரு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், சுற்றிலும் தொழிற்சாலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் ஆற்றில் பரவியது. வலையும் படகும் கறுப்பானதை டி.வி.யில் பார்த்தோம். படகுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடலாம். கூடையில் மீன் வாங்கி விற்கிற பெண்ணின் நஷ்டத்தை எந்த ரசீதில் காட்டுவது? படகே இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களின் நஷ்டத்தை? கணக்கு எழுதுகிறவள் என்பதால் சொல்கிறேன்: ரசீது இல்லாத வருமானம் போனால், போன மாதிரியே யாருக்கும் தெரியாது.

"குடிசைகளைக் காலி பண்ணி வெளியே அனுப்பக் கூடாதுன்னா, கூவம் ஓரத்துல இருக்கறவங்க அங்கேயே இருந்து வெள்ளத்துல போகட்டும்ங்கறீங்களா?"

இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகள் போனதை நேரில் பார்த்தவள் நான். அதே ஆற்றை அடைத்துக் கட்டிய பெரிய கட்டடங்கள் மட்டும் ஏன் ஆக்கிரமிப்புப் பட்டியலில் வரவில்லை என்று முதலில் கேட்பேன்.

அப்புறம், எங்கே கொண்டு போனோம்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், எல்லாம் ஊர்க்கோடி. 2019 கடைசியில் சென்ட்ரல் பக்கத்துச் சத்தியவாணி முத்து நகரைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள், பிள்ளைகளின் பள்ளி வருடத்தின் நடுவில். அமைச்சராக இருந்த ஒரு தலித் பெண்ணின் பெயர் அந்த இடத்துக்கு. பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர்தான். ஆண் ஒருவர் பெயிண்டிங் வேலைக்கு எங்கே வேண்டுமானாலும் அதிகாலையில் கிளம்பிப் போவார். ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண், பிள்ளை பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். பஸ்ஸில் போய் வரவே நான்கு மணி நேரம் என்றால் அவள் வேலையை விடத்தான் வேண்டும். லிஃப்ட் ரிப்பேரான மாடி வீட்டில் வயதான மாமியாரையும் அவள்தான் பார்க்கிறாள். வீடு மாற்றுவதற்கு முன் இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பக்கத்திலேயே மேட்டில் இடம் பாருங்கள் என்றிருப்பாள்.

"பர்தாவை ஆதரிக்கறீங்களா எதிர்க்கறீங்களா? ஒரு பக்கமா சொல்லுங்க."

போடச் சொல்லி அடித்தாலும் கழற்றச் சொல்லிப் பள்ளியை விட்டு அனுப்பினாலும் எதிர்ப்பேன். 2020 பிப்ரவரியில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து வண்ணாரப்பேட்டையில் இரவு பகலாக உட்கார்ந்த பெண்களில் பலர் பர்தாவில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு விடுதலை வகுப்பு எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

"ஆம்பளைங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லையா?"

இருக்கிறது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் செத்தவர்கள் ஆண்கள், ஏறக்குறைய எல்லோரும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து. 2013-இல் தடைச் சட்டம் வந்த பிறகும் அது நிற்கவில்லை. ஆண் என்பதால் இறக்கப்பட்டான், அந்தச் சாதி என்பதால் இறக்கப்பட்டான். அதன் பிறகு நஷ்ட ஈட்டுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைவது அவன் மனைவி.

"இப்படிப் பிரிச்சுக்கிட்டே போனா ஒற்றுமை எங்கிருந்து வரும்?"

எனக்கே இந்தப் பயம் இருந்தது. ஒரு கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கஷ்டமே பெரிது என்று பேசி, சண்டையாகி, மூன்று பேர் பிறகு வரவேயில்லை. அதை மறைக்கவில்லை. யாருக்கு எத்தனை அடையாளம் என்று மார்க் போடும் விளையாட்டாக இதை ஆக்கினால் அப்படித்தான் முடியும்.

ஆனால் பேசாமல் இருந்த காலத்து ஒற்றுமையையும் பார்த்திருக்கிறேன். அதில் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் டீ கொடுப்பார்கள். உட்காரும் உரிமை ஒரு கடைப் பெண்ணுக்கு மட்டும் என்று யாரும் கேட்கவில்லையே. மெரினாவில் 2022-இல் சக்கர நாற்காலிக்காக மரப்பாதை போட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் கேட்டு வாங்கியது. முழங்கால் வலிக்கிற என் அம்மா அதில் நடந்துபோய் அலையைத் தொட்டார். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பாதையை உடைத்தது, திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. காலநிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்கு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"சரிக்கா, நான் நாளைக்கு என்ன பண்ணட்டும்?"

நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். முதலில் எங்கள் கூட்டம் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நடந்தது. எல்லாப் பெண்களும் வாருங்கள் என்றுதான் நோட்டீஸ். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அது இரண்டாவது ஷிஃப்ட் நேரம். சக்கர நாற்காலித் தோழி மாடிப்படியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முதல் தடவை வந்த ஒரு திருநங்கையை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். எங்களுக்கு அது மறுநாள்தான் தெரியும். ஏழு மாதம், 'ஏன் யாருமே வருவதில்லை' என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்!

உங்கள் அலுவலகமோ, குடியிருப்போர் சங்கமோ, மரம் நடும் குழுவோ, எதுவாக இருந்தாலும் நேரம், படிக்கட்டு, பஸ், கழிப்பறை, கேட்டில் நிற்பவர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வராதவரை போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். இப்போது எங்கள் கூட்டம் ஞாயிறு காலை 11 மணிக்குத் தரைத்தளத்தில். பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவர்கள் வந்து சேர 12 ஆகிவிடுகிறது. அதனால் முடிவெடுக்க வேண்டிய விஷயம் எதுவானாலும் 12-க்கு மேல்தான் எடுக்கிறோம்.